தகரத்துக்கு அடியில் சாக்கு

எங்கள் வீட்டுக் கூரையில் கிடக்கும் தகரம் ஏற்காட்டிலிருந்து இறங்கியது. மலைமேல் ஏதோ ஒரு எஸ்டேட்டில் பழைய காப்பி குடோனைப் பிரித்துப் போட்டார்கள். அடிவாரம்வரை லாரியில் வந்த அந்தத் தகரத்தை அப்பா தன் மாட்டு வண்டியில் ஏற்றிக் குப்பனூருக்குக் கொண்டுவந்தார். அலை அலையான கனத்த தகரம். ஆணி இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்து முடித்ததும் அப்பா கீழே இறங்கி, தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அன்றிலிருந்து தெருவில் அவருக்குத் 'தகர ஊட்டுக்காரர்' என்று பெயர்.

அதற்கு முன் பனையோலைதான் கிடந்தது. ஒரு பங்குனியில் அது பற்றிக்கொண்டது. எரிகிற வீட்டுக்குள் ஓடி, காய்ச்சலில் படுத்துக் கிடந்த அண்ணனைத் தூக்கிவந்தது அம்மா. வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை அந்தத் தழும்பு இன்றும் பளபளவென்று இருக்கிறது. இனிமேல் இந்தச் சுவருக்குமேல் ஓலை என்ற பேச்சே கூடாது என்று அப்பா சொன்னது அதைப் பார்த்துத்தான்.

தீ வரவில்லை. சூடு வந்தது. காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் தகரம் அங்கங்கே 'டப்' 'டப்' என்று சத்தம் போடும். உச்சிப்பொழுதுக்குள் பானைத் தண்ணீர்கூட வெதுவெதுப்பாகிவிடும். கோடை மழை வரப்போகும் நாட்களில் இன்னும் மோசம். காற்று நின்றுவிடும், உடம்பில் வேர்வை காயாது, மேலே தகரம் அடுப்புமாதிரி காயும். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த கரண்ட் ஒரே ஒரு விளக்குக்கானது. காற்றாடி எல்லாம் போட முடியாது.

ஆனால் இதையெல்லாம் யாரும் ஒரு குறையாகச் சொன்னதில்லை. அப்பா வண்டியோடு போய்விடுவார். அம்மா காட்டு வேலைக்கு. அண்ணன் ஜவ்வரிசி மில்லில், காயப்போடும் களத்தில். நான் பள்ளிக்கூடம், பிறகு சேலத்தில் கல்லூரி. வேலை இல்லாத நாளில் எல்லோரும் வேப்பமரத்தடியில் கிடப்போம். சாமான் வைக்கவும் இரவில் படுக்கவும்தான் வீடு. பகலில் வீட்டுக்குள் இருந்தே தீர வேண்டிய ஆள் எங்கள் வீட்டில் அதுவரை யாரும் இருந்ததில்லை.

அண்ணி வந்த பிறகுதான் இருந்தார்கள். அதுவும் இரண்டு பேர்.

அண்ணி பிறந்து வளர்ந்தது நாகலூரில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே. அவர் அம்மா எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். கணவர் இல்லை. அண்ணி ஒரே பெண். அண்ணியின் அம்மா எனக்கு அத்தை முறை என்பதால் அத்தை என்றே கூப்பிடுவேன். கல்யாணம் பேச வந்த அன்று அத்தை எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் முந்தானையால் முகத்தை விசிறிக்கொண்டே மேலே பார்த்தார்.

"ஏனுங்க, இந்தத் தகரம் மலைமேல இருந்து வந்ததாமுங்களே?"

"ஆமாங்க. பழைய காலத்துத் தகரம். இப்ப இந்தக் கனத்துல கெடைக்கறதில்லீங்க" என்றார் அப்பா பெருமையாக.

"எங்கூர்ல இருந்தப்ப இது சில்லுனுதான் இருந்துச்சுங்க. இங்க வந்து கெட்டுப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கல்யாணம் நடந்தது ஆவணியில், பிறகு மழைக்காலம், பிறகு பனி. அண்ணிக்கு எங்கள் வீட்டின் வெயில் முகம் தெரியவே இல்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே சீமந்தம் முடிந்து பிரசவத்துக்கு நாகலூர் போய்விட்டார். பெண் குழந்தை. குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிட்டு, பங்குனியில் குழந்தையோடு வந்தார்.

பாப்பாவுக்கு மலைத் தோல். ரோஜா நிறத்தில் கன்னம். வந்த வாரமே கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு கிளம்பியது. அம்மா நுங்குத் தண்ணீர் தடவிப் பார்த்தது, சந்தனம் போட்டுப் பார்த்தது. குரு சேர்ந்து கட்டியானது. மரத்தடியில் தூளி கட்டினால் எறும்பும் ஈயும், மதியத்துக்குமேல் நிழல் நகர்ந்துவிடும், நாலு பேர் போகிற வழியில் அண்ணியால் பால் கொடுக்க முடியாது. வீட்டுக்குள் போனால் இரண்டு பேரும் நனைந்து வெளியே வருவார்கள். பாப்பா தூங்கவே இல்லை. ஒரு மதியம் அழுகையை நிறுத்திவிட்டுக் கண்ணைப் பாதி மூடித் துவண்டு கிடந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "சூடுதாம்மா. இடத்தை மாத்துங்க, தானா சரியாகும்" என்று அங்கே சொன்னார்கள்.

சேதி எட்டி மறுநாளே அத்தை வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. பாப்பாவின் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் சொன்னார்.

"உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க சம்பந்தி. ஆனா நான் பேத்திய வேகவைக்கறதுக்கு அனுப்பல. கூட்டிட்டுப் போறனுங்க."

"கோடை முடியட்டும், அனுப்பி வைங்க" என்றார் அப்பா.

"கோடை வருசா வருசம் வருமுங்க." அத்தை துணிகளை மடித்துக்கொண்டே பேசினார். "எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டர்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். குடோன்ல ஒரு ஆளு வேணுமாம். மாப்பிள்ளை மேல வந்துட்டார்னா வேலைக்காரங்க இருக்கற லைன்ல ஒரு ஊடு குடுப்பாங்க. எனக்கும் வேற யாரு இருக்கறாங்க, சொல்லுங்க."

மூத்த பிள்ளை மாமியார் ஊரில் போய் உட்காருவது என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. அப்பாவுக்கு அப்போதே மூட்டுவலி. வண்டியை இன்னும் எத்தனை நாள் ஓட்டுவார் என்பது அவருக்கே தெரியாது. நான் படித்து முடித்து எந்த ஊருக்குப் போவேனோ, அதுவும் தெரியாது. அண்ணன் பக்கத்தில் இருப்பான் என்பது ஒன்றுதான் அவர் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தது.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாகலூர் போக ஆரம்பித்தான். சேலம் போய், மலை பஸ் ஏறி, ஏற்காட்டில் இறங்கி, மறுபடி ஒரு பஸ். முதலில் ஞாயிறு மாலையே திரும்பிவிட்டான். பிறகு திங்கள் காலை. ஒரு வாரம் செவ்வாய்க்கிழமைதான் வந்தான். அந்தத் திங்கள் முழுக்க அப்பா பீடி வாங்குகிற சாக்கில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ப் போய் வந்தார். ஒரு கட்டுப் பீடியை இரண்டு நாள் வைத்துக் குடிக்கிறவர்.

எனக்கு அப்போது விடுமுறை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தேன். சூடு எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்பதற்குப் பரீட்சையில் நாலு பக்கம் எழுதியவன் வீட்டில் ஒரு குழந்தை சூட்டால் தூங்க முடியாமல் போய்விட்டது.

ஊரில் எல்லோரும் சொன்ன வழி ஒன்றுதான்: தகரத்துக்குமேல் ஓலை போடு. அப்பாவிடம் அதைச் சொன்னேன்.

"உங்கம்மா கையப் பாத்துட்டுச் சொல்றா" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மேலே போட முடியாது என்றால் கீழே கட்டலாம். தகரத்துக்கு அடியில் ஒரு சாண் இடம் விட்டு இன்னொரு கூரை மாதிரி எதையாவது இழுத்துக் கட்டினால், நடுவில் நிற்கிற காற்று சூட்டைக் கீழே விடாது. சாப்பிடும்போது அப்பாவுக்கு விளக்கினேன்.

"நிக்கிற காத்து எங்கடா இருக்குது? அடிக்கிற காத்து இருக்குது, அடிக்காத காத்து இருக்குது."

"அந்த அடிக்காத காத்துத்தானுங்கப்பா."

"அடிக்காத காத்துலதான சாமி வெந்துட்டிருக்கறோம்."

அண்ணன் குனிந்து சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான். அவன் சிரித்தே நாளாகியிருந்தது. "ஒண்ணு கட்டிப் பாப்பமேப்பா" என்றான். "அடுப்பு வெளியதான இருக்குது. உள்ள நெருப்புக்கு என்ன வேலை?"

அதில் அப்பா ஒத்துக்கொண்டார். நான் அடிக்காத காற்றைப் பற்றிச் சொன்னதில் ஒன்று மட்டும் பிறகு மாறியது. இரண்டு பக்கச் சுவரின் உச்சியிலும் தகரத்துக்கு அடியில் இருந்த இடைவெளியை அடைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தேன். அண்ணன் மேலே ஏறி ஒரு நிமிடம் தலையை அங்கே வைத்துவிட்டு, "சட்டியில மூடி போட்ட மாதிரி இருக்கும்டா, தொறந்தே இருக்கட்டும்" என்றான். சரியென்று திறந்தே விட்டோம். அங்கே காயும் காற்று வெளியே போக ஒரு வழி வேண்டும்தான்.

எதை வைத்துக் கட்டுவது என்பதுதான் அடுத்த யோசனை. வைக்கோல், சோளத்தட்டு, எதுவும் கூடாது, பற்றிக்கொள்ளும். மூங்கில் தட்டி வாங்க வசதி இல்லை. அண்ணனுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மலைச்சரக்கு வியாபாரி ஒருவரின் குடோனில் பழக்கம் இருந்தது. அங்கே ஒரு மூலையில் கிழிசல் சாக்குகள் மலைபோல் கிடந்தன. காப்பிச் சாக்கு என்றால் திரும்பத் திரும்பப் பயன்படும், சும்மா கொடுக்கமாட்டார்கள். இவை மிளகு வந்த சாக்குகள். அதில் வேறு சரக்கைப் போட்டால் வாசம் ஏறிவிடும், அதனால் கேட்பார் இல்லை. "எடுத்துட்டுப் போ, எடம் மிச்சம்" என்றாராம் குடோன்காரர். அப்பா வண்டி பூட்டிப் போய் ஏற்றிவந்தார்.

மிளகு என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். பூச்சி வராது, எலி அண்டாது. அம்மாவும் அப்படித்தான் சொன்னது. "சளி புடிச்சா மருந்து மேலயே தொங்குது. அண்ணாந்து மூச்சு வாங்குனாப் போதும்."

சாக்குகளை ஓரத்தில் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று தைத்தோம். அம்மாதான் அதில் கெட்டி. கூரையின் கைமரங்களுக்குக் கீழே மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கே கட்டி, அதில் சாக்கை இழுத்துப் பிடித்துச் சணல் கயிற்றால் முடிந்தோம். உதறாமல் தைத்ததால் தூசி கொட்டியது. அண்ணாந்து வேலை செய்கிறவர்களின் மூக்கிலும் கண்ணிலும் நேராக விழுந்தது. அண்ணன் ஏணிமேல் நின்று தொடர்ந்து தும்மினான், கீழே ஏணியைப் பிடித்திருந்த அப்பா அதற்குப் பதில் தும்மினார். எதிர்வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "என்ன தகர ஊட்டுக்காரரே, ஊட்டையே ரசம் வெக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரும் தும்மிக்கொண்டே போனார்.

முதல் சில நாள் ராத்திரி பகல் தும்மல். பிறகு நின்றுவிட்டது. வாசம் போய்விட்டது என்று நினைத்தோம்.

கட்டி முடித்த பிறகு வெயில் ஒன்றும் குறையவில்லை. தகரம் பழையபடி சத்தம் போட்டது. ஆனால் உள்ளே போனால் தலைமேல் அந்த அனல் இறங்கவில்லை. புழுக்கம் இருந்தது, வேர்த்தது. ஆனால் உட்கார முடிந்தது. நான் அரைமணிக்கு ஒருமுறை உள்ளே போய்க் கையை உயரத் தூக்கிப் பார்த்துவிட்டு வருவேன். "கோயிலுக்குள்ள போயிக் கும்புடற மாதிரி கும்புடறான்" என்று அண்ணன் கேலி செய்தான்.

நம்பிக்கை வந்தது வேறு ஒன்றால். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் மரத்தடியில் இருந்தோம். முறம் எடுத்துவர உள்ளே போன அம்மா திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு நான் போய்ப் பார்த்தேன். முறத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் தரையில், தழும்புக் கையைத் தலைக்கு வைத்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் அந்த வீட்டுக்குள் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. போய் அப்பாவைக் கூட்டிவந்தேன். வாசலில் நின்று பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மேலே பார்த்தார், கீழே அம்மாவைப் பார்த்தார், சத்தம் இல்லாமல் வெளியே போனார். மரத்தடிக்குப் போனதும் அண்ணனிடம், "போயிச் சொல்லு. ஊடு சரியாயிருச்சு, அப்பா கூட்டிட்டு வரச் சொன்னாருன்னு சொல்லு" என்றார்.

அண்ணன் போய்ச் சொன்னான். அத்தை சொல்லி அனுப்பிய பதில் இது: "வர்றோம். உச்சி வெயில்லதான் வருவோம். பொழுது சாஞ்சு பாத்தா எந்த ஊடும் நல்லாத்தான் இருக்கும்."

வைகாசி கடைசியில் ஒரு நாள் வந்தார்கள். வானம் மூடாமலும் வெயில் விடாமலும், மழைக்கு முந்திய இறுக்கமான மதியம். பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்ல நாளாத்தான் பாத்து வந்திருக்கறோம்" என்றார். வஞ்சம் இல்லை, உண்மையாகவே சோதிக்க வந்தவரின் குரல். பாப்பா குண்டாகியிருந்தது. முதுகில் ஒரு குருகூட இல்லை. அண்ணி எங்களை எல்லாம் பார்த்துச் சிரித்தார், ஆனால் துணி மூட்டை எதுவும் கொண்டுவரவில்லை என்பதை நான் கவனித்தேன். அப்பாவும் கவனித்திருப்பார்.

உள்ளே பாய் விரித்து வைத்திருந்தோம். அத்தை உட்கார்ந்தார். அண்ணி பாப்பாவை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் நாலு பேரும் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தகரம் மேலே ஒரு 'டப்' போட்டது. அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் தும்மியது பாப்பாதான். சின்னத் தும்மல். அடுத்தது அத்தை. பிறகு அண்ணி. பிறகு பாப்பா விடாமல், மூச்சு வாங்க இடமில்லாமல். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் வடிந்தது.

"என்ன வாசமுங்க இது?" அத்தை மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டார்.

"என்ன வாசமுங்க?" என்றார் அப்பா. அவர் நடிக்கவில்லை. எங்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன், வீட்டு வாசம்தான் வந்தது.

"மெளகு" என்றார் அத்தை. "மெளகு குடோன்ல நிக்கிற மாதிரி இருக்குது. உங்களுக்குத் தெரியிலீங்களா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வாசம் போகவே இல்லை. எங்கள் மூக்குத்தான் பழகிப்போயிருந்தது. மேலே அனல் ஏற ஏறச் சாக்கின் இழைக்குள் இருந்த மிளகெல்லாம் அந்தப் புழுக்கமான மதியத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா, "பூச்சிக்கு நல்லதுன்னு…" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டது.

அத்தை பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க சம்பந்தி, நீங்க பாடுபட்டிருக்கறீங்க, இல்லேங்கலீங்க. ஆனா கொழந்தைக்கு மூச்சு வேணுமுங்கல்ல? கண்ணு, எந்திரி. மூணு மணி பஸ்ஸப் புடிச்சாத்தான் பொழுதோட ஊரு போய்ச் சேரலாம்."

அண்ணி எழுந்தார். ஆனால் வாசலுக்குப் போகவில்லை. நான் செய்கிற மாதிரியே கையை உயரத் தூக்கி, சாக்குக்கு அடியில் விரித்துப் பிடித்தார். தும்மினார். மறுபடி பிடித்தார். திடீரென்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தும்மலும் சிரிப்பும் சேர்ந்து கண்ணில் தண்ணீரோடு சுவரில் சாய்ந்துகொண்டார். எங்கள் வீட்டுக்குள் அவர் வாய்விட்டுச் சிரித்து அதுவரை நான் கேட்டதில்லை.

"அம்மா, இங்க பாரு. மெளகுதான் இருக்குது, சூடு இல்ல."

"சூடு இல்லாட்டி?"

"மெளகுன்னா தொவைச்சாப் போயிரும். சூட்டைத் தொவைக்க முடியுமா?"

"யாரு தொவைக்கறது? மலையாட்டம் சாக்கு."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். வாரா வாரம் மலை ஏறி இறங்கியவன் அவன். மேலே இருக்கும்போது மேலே சரி, கீழே வந்தால் கீழே சரி என்று இருந்தானே தவிர, யாரிடமும் முடிவாக ஒன்றும் சொன்னதில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றார் அண்ணி. குரல் சண்டையாக இல்லை. "நீங்க சாக்க அவுத்தீங்கன்னா நான் தொவைக்கறேன். அவுக்கலேன்னா நான் பஸ் ஏறறேன். அப்பறம் நீங்களும் மேலயே வந்துருங்க. இந்த வாரா வாரம் ஓடறது எனக்கும் நல்லால்ல, உங்களுக்கும் நல்லால்ல."

பாப்பா மறுபடி தும்மியது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அவர் கேட்டிருந்தால் அண்ணன் இருந்திருப்பான், அது அவருக்கும் தெரியும். கேட்டு இருக்கவைக்க அவர் விரும்பவில்லை என்று எனக்குத் தோன்றியது.

அண்ணன் வெளியே போனான். போய்விட்டான் என்றே ஒரு நொடி நினைத்தேன். ஏணியோடு திரும்பி வந்தான். சுவரில் சாய்த்தான், இடுப்பிலிருந்த கத்தியை வாயில் கடித்துக்கொண்டு ஏறினான். முதல் முடிச்சை அறுத்தான். சாக்கு ஒரு பக்கமாகத் தொங்கி, தூசி மொத்தமும் அப்பா தலைமேல் கொட்டியது. அப்பா தும்மிக்கொண்டே போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அத்தை மூன்று மணி பஸ்ஸுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, சாக்குகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்தார். அதை வண்டியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட் தொட்டிக்குக் கொண்டுபோனோம். அம்மாவும் அண்ணியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டார்கள். தண்ணீர் காப்பி நிறமாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் அத்தையும் அங்கே வந்து வரப்பில் நின்றுகொண்டார்.

"இப்படிக் கசக்குனா மெளகு போவாது. கல்லுல அடி கண்ணு. தண்ணிய மாத்து. ஏனுங்க சம்பந்தியம்மா, நீங்க கையக் கண்ணுல வெக்காதீங்க."

"நீங்களும் எறங்குனா வேலை சுருக்கா முடியுமுங்க" என்றது அம்மா.

"நான் பஸ்ஸுக்குப் போவணுமுங்க."

"அப்படித்தான் மத்தியானத்துல இருந்து சொல்றீங்க."

சாயங்காலம் அத்தை தனியாகத்தான் ஊருக்குத் திரும்பினார். கிளம்பும்போது பாப்பாவை முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தார். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் முகம் ஒரு மாதிரியாக இருந்தது. திரும்பிப் போகிற வீட்டில் அவர் ஒருவர்தான். அதை எங்களில் முதலில் நினைத்தது அம்மாதான். ஈரக் கையோடு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "வெயில் காலத்துல இவளும் பாப்பாவும் உங்க ஊட்டுல இருக்கட்டுமுங்க. சித்திரை முழுக்க அங்கதான். மழைக்கு, குளுருக்கு, நீங்க இங்க வந்துருங்க. உங்களுக்கும் அங்க குளுரு ஒத்துக்கறதில்லையாமே, இவ சொன்னா" என்றது.

"சம்பந்தி ஊட்டுல போயி நான் எப்படீங்க…"

"மெளகு வாசம் போயிருமுங்க" என்றது அம்மா.

அத்தை சிரித்துவிட்டு பஸ் ஏறினார்.

துவைத்த சாக்குகள் காய்ந்த பிறகு உடனே கட்டவில்லை; மழை இறங்கிச் சூடு தணிந்திருந்ததால் பாப்பா அந்தச் சில நாளைத் தாங்கிக்கொண்டது. சாக்கும் பற்றிக்கொள்ளும் பொருள்தான் என்ற நினைப்பு அப்பாவுக்கு உள்ளே இருந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு நாள் சுண்ணாம்பு வாங்கிவந்து தொட்டியில் கரைத்தார். அதில் களிமண்ணும் கொஞ்சம் கலந்து, சாக்குகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்து வேலியில் போட்டார். காய்ந்ததும் அட்டைபோல் விறைத்துக்கொண்டது. ஒரு துண்டை நெருப்பில் காட்டினார். கருகியது, ஆனால் ஓலை மாதிரிப் பிடித்து எரியவில்லை. அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் மறுபடி மேலே ஏற்றினோம். வீட்டுக்குள் வெளிச்சம் கூடியிருந்தது. பாப்பா தூளியில் கிடந்து அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கும், அப்படியே தூங்கிவிடும்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று எழுதிவிட முடியாது. ஐப்பசி மழையில் வேறு தொல்லை. இரவெல்லாம் மழை பெய்து விடிகிற நேரத்தில் தகரத்தின் அடியில் வேர்வைமாதிரி நீர் முத்துமுத்தாகக் கோத்துக்கொண்டு சாக்கின்மேல் சொட்டியது. வெள்ளையில் அங்கங்கே கறுப்புப் பூஞ்சணம் பிடித்தது. அதைத் தட்டிவிட, காயவைக்க, மறுபடி சுண்ணாம்பில் முக்க என்று ஒவ்வொரு வருடமும் வேலை இருந்துகொண்டே இருக்கிறது. சுவர் உச்சி இடைவெளியை இன்னும் அகலமாக்கினால் ஈரம் போய்விடும் என்று நான் சொல்கிறேன், சாரல் உள்ளே வரும் என்கிறான் அண்ணன். இன்றுவரை அது தீரவில்லை.

அந்தக் கார்த்திகையில் அத்தை வந்தார். பாப்பா தரையில் உட்கார்ந்து தட்டை உருட்டிக்கொண்டிருந்தது. வெளியே தூறல். எல்லோரும் உள்ளேதான் இருந்தோம். அத்தை காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக, "மாப்பிள்ளைக்குன்னு சொல்லி வெச்ச அந்த குடோன் வேலைக்கு ரைட்டர் வேற ஆளப் போட்டுட்டாருங்க. இதுக்குமேல காத்திருக்க முடியாதுன்னுட்டாரு" என்றார்.

"அப்படீங்களா" என்றார் அப்பா. பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் வெளியே இறங்கிப் போனார். இந்த மழையில் எங்கே போகிறார் என்று அம்மா கேட்டது, அண்ணன் தெரியாது என்றான். நனைந்து திரும்பி வந்தவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் மிக்சரும் இருந்தன. இரண்டையும் அத்தைக்கு முன்னால் வைத்தார்.

"சாப்புடுங்க" என்றார். "தை வரைக்கும் இருப்பீங்கதானுங்களே?"